பதினொரு மாத வேலை, பதினொரு மாத வீடு

பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் இளைஞரிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு தர முடியும் என்பதை அன்று. வேலை நிரந்தரமானதா என்பதைத்தான். வேலை கேட்டுப் போகும் இடத்திலோ, எங்கே தங்கியிருக்கிறீர்கள், வீட்டிலிருந்தே வந்துபோய்விடலாமா என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் உண்மையாக "ஆமாம்" என்று பதில் சொல்லக்கூடியவர்கள் என் வயதினரில் மிகச் சிலர்.

வேலையைப் பற்றிப் பேசும்போது வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. வாடகையைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டும் ஒரே துன்பத்தின் இரண்டு பக்கங்கள் என்பதை முப்பது வயதுக்குள் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நம் ஊரில் அந்தத் துன்பம் வெளியே தெரியாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை போனவர் எங்கே போவார் என்ற கேள்வி எழும். திருநெல்வேலியில் அது எழுவதில்லை. எங்களில் பலருக்கும் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரு கிராமத்து வீடு இருக்கிறது, அங்கே அம்மா இருக்கிறார், ஒரு வேளைச் சோறு கிடைத்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையின் மீதுதான் நகரத்தின் குறைந்த சம்பளமும் உறுதியில்லாத வேலையும் நின்றுகொண்டிருக்கின்றன.

நான் வீரவநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். முதுகலை முடித்து, தேசியத் தகுதித் தேர்விலும் தேறி, ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். பணி நியமனக் கடிதம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். மே மாதம் சம்பளம் கிடையாது. ஜூனில் மீண்டும் அழைப்பார்களா என்பதும் அந்த ஆண்டு எத்தனை மாணவர்கள் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கையில் வந்தது மாதம் பதினாறாயிரம். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் நண்பர்களின் நிலை சற்று மேல் என்றாலும், அவர்களுக்கும் 25,000 ரூபாய் வீதம் ஆண்டில் பதினொரு மாதந்தான். பல்கலைக்கழக மானியக் குழு அவர்களுக்கு 2019-இல் சொன்ன உச்சவரம்பு மாதம் 50,000 ரூபாய். மாணவர்களுக்கு முன்னால் நின்று எதிர்காலத்தைத் திட்டமிடுங்கள் என்று சொல்லும் ஒருவருக்கு, அடுத்த கல்வியாண்டில் தனக்கு வகுப்பு உண்டா என்பதே தெரியாது.

அந்தக் கல்லூரியில் ஓராண்டு எங்கள் துறைக்குப் போதிய மாணவர்கள் சேரவில்லை. வர வேண்டாம் என்ற செய்தி மே மாதக் கடைசியில் தொலைபேசியில் வந்தது. ஏறத்தாழ அதே வாரத்தில் வீட்டுக்கார ஆச்சியும், "ஏம்மா, பிள்ளைக எடத்த இடிச்சுக் கட்டணும்ங்காங்க, ஆடிக்கு முன்ன பாத்துக்கிடுதியா" என்றார். அவர் நல்லவர், நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஆனாலும், வேலை இல்லாத நிலையில் வேறு வீடு பார்ப்பது எப்படி என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை. அந்த நேரத்தில் நான் பார்த்த எந்த வீட்டுக்காரருக்கும் காட்டுவதற்கு என்னிடம் சம்பளச் சீட்டு இல்லை. அம்மாவிடம் போய்விட்டேன். அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு அது லீவுக்கு வந்த பெண்ணாகத்தான் தெரிந்தது. வேலையும் வீடும் ஒன்றாக இழந்த ஒருத்தியாக எந்தக் கணக்கிலும் நான் வரவில்லை.

ஆச்சியின் இடம் ஒரு வளவு. முருகன்குறிச்சி, சமாதானபுரம், வண்ணார்பேட்டை, டவுன் ரதவீதிகளின் உட்புறம் என்று பழைய திருநெல்வேலியில் வாழ்ந்தவர்களுக்கு வளவை விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே ஐந்தாறு குடித்தனம், நடுவில் கிணறு, ஒவ்வொரு வீட்டுக்கும் தார்சா எனும் முன்கூடம், ஓர் அறை, ஓர் அடுக்களை. வசதி குறைவுதான், கழிப்பறைக்கு முறை வைத்துப் போக வேண்டும். ஆனால் வாடகை மூவாயிரத்துக்குள் இருந்தது; மாதம் பத்து நாள் தாமதமானாலும் சொல்லிக்கொள்ளலாம்; புதிதாக ஊருக்கு வந்த எழுத்தரும், கடைப் பையன்களும், நர்சிங் படிக்கும் பெண்களும் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் முதலில் குடியேறினார்கள். 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, 1965-இல் வந்த மருத்துவக் கல்லூரி, நீதிமன்றங்கள், மாவட்ட அலுவலகங்கள் என்று வெளியூர்க்காரர்களால் வளர்ந்த ஊருக்கு இந்த வளவுகள் பெரும் துணையாக இருந்தன. இப்போது அவை ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அந்த இடங்களில் ஸ்கேன் மையங்களும், ஜவுளிக் கடைகளின் கிடங்குகளும், கார் நிறுத்த இடத்தோடு கூடிய அடுக்குமாடிகளும் எழுகின்றன. இடித்துக் கட்டுவது உரிமையாளரின் உரிமைதான். ஆனால் மூவாயிரம் ரூபாய் வீடு ஒன்று ஊரிலிருந்து மறையும்போது அதற்குப் பதிலாக எட்டாயிரம் ரூபாய் வீடுதான் வருகிறது. அதே பதினாறாயிரம் சம்பளத்தில் பாதியை வாடகையாகக் கொடுக்கும்படி நகரம் இளைஞரைக் கேட்கிறது.

2017-இல் திருநெல்வேலி சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. சந்திப்புப் பேருந்து நிலையம் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அதை நம்பிப் பிழைத்த சிறுகடைகளும் அவற்றில் வேலைபார்த்த பையன்களும் என்ன ஆனார்கள் என்று கேட்க ஆளில்லை. பாளையங்கோட்டை காந்தி மார்க்கெட்டும் டவுன் போஸ் மார்க்கெட்டும் புதிதாகக் கட்டப்பட்டன. சாலை, சந்தை, வணிக வளாகம், பூங்கா என்று கட்டப்பட்டவற்றில் ஒவ்வொன்றுக்கும் தேவை இருந்திருக்கலாம். ஆனால் ஊரில் வேலைபார்க்கும் மனிதர்கள் இரவில் எங்கே உறங்குவார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கட்டடங்களில் இடம் கிடைக்கவில்லை. அரசு ஊழியருக்கு வீட்டுவசதி வாரியத்தின் வாடகைக் குடியிருப்பு உண்டு. சொந்த வீடு கட்டுகிறவருக்கு மானியம் உண்டு. தனியாரிடம் பதினைந்தாயிரத்துக்கு வேலைபார்க்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கென்று எதுவும் இல்லை. பணிபுரியும் பெண்களுக்காக அரசு சில நகரங்களில் நடத்தும் தோழி விடுதிகள் நல்ல தொடக்கம். இங்குள்ள தேவைக்கு அவற்றைப் போல எத்தனையோ வேண்டும்.

வீடு மாறுவதற்கு ஆகும் செலவைச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். ஆறாயிரத்து ஐந்நூறு வாடகையுள்ள ஒரு மாடி வீட்டுக்கு முன்பணம் ஐம்பதாயிரம் கேட்கிறார்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. வண்டிக்கூலி தனி. காலிசெய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது எழுதப்படாத வழக்கம். மின்சாரத்துக்குத் தனி உபமீட்டர் வைத்து, அரசு எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரும் 100 யூனிட் இலவசத்தைத் தங்களுக்கென வைத்துக்கொண்டு, எங்களிடம் முதல் யூனிட்டிலிருந்தே பணம் வாங்கும் வீடுகள் ஏராளம். பதினாறாயிரம் சம்பாதிப்பவர் ஒருமுறை வீடு மாறினால் நான்கு மாதச் சம்பளம் அதிலேயே போய்விடுகிறது. ஆண்டுக்கொருமுறை வேலையும் மாறி வீடும் மாறுகிறவர் சேமிப்பு என்ற சொல்லை மறந்துவிட வேண்டியதுதான்.

இதற்கு மாற்று வழியாக நம் பக்கத்தில் ஒத்தி இருக்கிறது. மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம். போகும்போது முழுத் தொகையும் திரும்பி வரும். நகை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் இளைஞர் ஒருவர் ஒத்திக்குப் போகிறார் என்றால், பின்னால் எங்கோ ஓர் அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது, அல்லது அப்பா அரை ஏக்கர் வயலை விற்றிருக்கிறார் என்று பொருள். வீட்டுக்காரர் கடனில் மூழ்கி வங்கி வீட்டைக் கையகப்படுத்திய ஒரு நிகழ்வில், ஒத்திப் பணத்தைத் திரும்பப் பெற நண்பர் ஒருவர் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தாக வேண்டும் என்பதால் பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொள்ளும் பழக்கம் வந்தது. புதிய சட்டமோ எத்தனை மாதத்துக்கு என்றாலும் ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யச் சொல்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. இதில் இளைஞர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி வாடகைதாரரை வெளியேற்றக் கோர இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. "நமக்குள்ள எதுக்கு எழுத்து" என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொல்லும்போது, நாமும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வருகிறோம். அந்தத் தலையாட்டல் நம்மைத்தான் பாதுகாப்பில்லாமல் நிறுத்துகிறது.

வேலைப் பக்கத்திலும் இதே கதை. தொழில் நிறுவனங்களில் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஐம்பது பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் பெரிய கடைகளுக்கும் அது பொருந்தும். ஆகவே சில இடங்களில் அந்தக் கணக்கு நிறைவதற்குள் ஆளை நிறுத்தி, சில வாரங்கள் கழித்துப் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். வேறு சில இடங்களில் ஒப்பந்தக்காரரின் பெயர் மட்டும் மாறுகிறது. ஆசிரியர்களுக்கோ அந்த வழியும் அடைபட்டிருக்கிறது: ஆசிரியர் தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளி ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. மாற்றமே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலைபார்த்த பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. காலுக்கு ஒரு நாற்காலி கிடைப்பதற்கே அத்தனை காலம் ஆயிற்று.

இந்த நிலையில்தான் அத்தனை பேரும் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். 2022-இல் குரூப் 4 அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். இரண்டாண்டு கழித்து 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேர். பாளையங்கோட்டை நூலகங்களிலும் பயிற்சி மையங்களிலும் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருக்கும் முகங்களை நான் அறிவேன். அவர்களைச் சோம்பேறிகள் என்றும், சிறு வேலைக்குப் போக மனமில்லாதவர்கள் என்றும் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த வேலை கிடைத்தால் வருவது சம்பளம் மட்டுமன்று. வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுப்பார், வங்கி கடன் கொடுக்கும், பெண் கொடுப்பார்கள். அத்தனை உறுதிகளையும் ஒரே ஒரு வேலை வகையில் அடைத்துவைத்துவிட்டு, ஏன் எல்லோரும் அதன் வாசலிலேயே நிற்கிறீர்கள் என்று கேட்பது நியாயமில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பட்டதாரிக்கு அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதைக் கொண்டு ஒரு விடுதியில் ஒரு வாரங்கூடத் தங்க முடியாது.

கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலையும், அண்மையில் சூரிய மின்தகடு ஆலையும் வந்திருக்கின்றன. பின்னதில் வேலைபார்ப்போரில் பெரும்பாலோர் பெண்கள் என்பது எனக்கு மெய்யான மகிழ்ச்சி. ஊர் ஊராகப் பேருந்து வந்து அழைத்துப் போகிறது. என் பெரியம்மா மகள் அப்படித்தான் விடியுமுன் கிளம்பி ஆலை வேலை ஒன்றுக்குப் போகிறாள். அவளுக்கு வாடகைச் செலவு இல்லை; ஆகவே அந்தச் சம்பளம் போதுகிறது. அதே சம்பளத்தில் அவள் தனியாக ஒரு வீடு எடுத்து இருக்க நேர்ந்தால் போதாது. ஆலை என்றில்லை, கல்லூரி, மருத்துவமனை, கடை எல்லாமே எங்கள் அப்பாக்கள் கட்டிய வீட்டைத் தங்கள் கணக்கில் எழுதாமலேயே பயன்படுத்திக்கொள்கின்றன. "வீட்டுல இருந்துதான வர்றீங்க, இது போதும்லா" என்று நேர்முகத் தேர்வில் என்னிடம் சொன்னவர் அந்தக் கணக்கைத்தான் வாய்விட்டுச் சொன்னார்.

திரும்பிப் போக வீடு இல்லாதவரின் நிலை என்ன என்பதை மாஞ்சோலை காட்டிவிட்டது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த மலையில் நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களுக்கு வேலை இருந்தவரை லயன் எனும் தோட்டத்து வரிசைவீடு இருந்தது. குத்தகை 2028-இல் முடியவிருக்க, 2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை நிறுத்தியபோது, வீட்டையும் காலிசெய்யச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; அரசு மறுவாழ்வு உதவிகளை அறிவித்தது. அங்கே பிறந்து கீழே கல்லூரிக்கு வந்து படித்த மாணவி ஒருத்தி எனக்கு இருந்தாள். விடுமுறைக்கு எங்கே போவது என்று அவள் கேட்டபோது அது அவளுடைய குடும்பத்தின் கேள்வியாக மட்டும் எனக்குப் படவில்லை. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால், ஒன்று போகும் நாளில் மற்றதும் போகும்.

நகரத்தில் வாடகைக்கு இருக்கும் இளைஞரை அரசும் கிராமத்து வீட்டில்தான் வைத்துப் பார்க்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கைலாசபுரம், வண்ணார்பேட்டையின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. ஆற்றங்கரையை ஒட்டிய கீழ்த்தள வீடுகள் வாடகை குறைந்தவை என்பதால், அங்கே தனியாகத் தங்கியிருந்த பையன்களும் பெண்களும் பலர். சான்றிதழ்கள், மடிக்கணினி, பாய், பாத்திரம் எல்லாம் சேற்றோடு போயின. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டையின் பேரில் நியாயவிலைக் கடைகள் மூலம் வழங்கப்பட்டது. எங்கள் பெயர்களோ சங்கரன்கோவிலிலும் நாங்குநேரியிலும் அம்பாசமுத்திரத்திலும் பெற்றோரின் அட்டையில் இருந்தன. நனைந்தது இங்கே, பெயர் அங்கே.

இன்னொன்றை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பணம் இருந்தாலும் வீடு கிடைக்காதவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். "எந்த ஊரு" என்பது முதல் கேள்வி. "ஊர்ல எந்தத் தெரு" என்பது இரண்டாவது. அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. என்னோடு பணிபுரிந்த, என்னைவிட நன்றாகப் பாடம் நடத்தும் தலித் நண்பர் ஒருவருக்கு, மாலையில் சரி என்ற வீடுகள் மறுநாள் காலையில் "மச்சினன் வாரான்" என்று இல்லாமற்போயின. முஸ்லிம் நண்பர்கள் வேலை எங்கே கிடைத்தாலும் மேலப்பாளையத்திலேயே வீடு பார்த்துக்கொள்ள நேர்கிறது. மணமாகாத பெண் தனியே இருக்கக் கூடாது. மணமாகாத ஆண்கள் சேர்ந்து இருக்கக் கூடாது. கிராமத்தை விட்டு நகரத்துக்கு வருவதே இந்தக் கேள்விகளிலிருந்து விடுபடத்தான் என்று நம்பி வந்தவர்களை நகரம் அதே தெருவுக்குத் திருப்பி அனுப்புகிறது. இதை வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக நான் தயாரில்லை.

நாங்கள் சிலர் இப்போது ஒரு சிறு வேலை செய்கிறோம். சாதியும் மதமும் கேட்காமல், மூன்று மாத முன்பணத்தோடு வீடு கொடுத்தவர்களின் விவரத்தை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் குறித்துவைத்து, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுகிறோம். ஒப்பந்தத்தை எழுதி இணையம் வழியாகப் பதிவுசெய்வதற்கும் உடன் உட்கார்ந்து உதவுகிறோம். அந்த நோட்டில் இன்னும் சில பக்கங்களே நிறைந்திருக்கின்றன. பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் தியாகராஜநகரிலும் பிள்ளைகள் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டதால் மாடி பூட்டிக்கிடக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. இதைப் படிப்பவர்களில் அப்படி ஒரு மாடி வைத்திருப்பவர்கள் இருந்தால், ஜூனில் கல்லூரி திறக்குமுன் அதை ஓர் இளைஞருக்குக் கொடுங்கள். ஒப்பந்தத்தை இரண்டாண்டுக்கு எழுதுங்கள். மே மாத வாடகையை ஜூன் சம்பளத்தில் வாங்கிக்கொள்வதாக அதில் ஒரு வரி சேருங்கள்.